வெண்ணி திறக்காத கதவு

பகல் பன்னிரண்டரை மணிக்கு மீட்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "உங்க கம்பெனியில வெண்ணிங்கறது யாரு?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெண்ணி என்று யாரும் கிடையாது. நான் எழுதும் தொடர்கதையின் கதாநாயகி அவள். வயது பதினாறு. இடது காதில் பாதி இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் நான்தான் எடுத்தேன்.

"கதையில வர்ற பொண்ணு மேடம். ஏன் கேக்குறீங்க?"

"ஆத்தோரத்துல பிள்ளைங்க யாரும் கதவைத் திறக்க மாட்டேங்குது. பெத்தவங்க வேலைக்குப் போன இடத்துல மாட்டிக்கிட்டாங்க. எங்க ஆளுங்க போட்டுல போய்ப் படியேறிக் கதவைத் தட்டுனா, கட்டில், பீரோ எல்லாத்தையும் இழுத்து முட்டுக் குடுத்துட்டு உள்ள உக்காந்திருக்குங்க. கேட்டா, 'வெண்ணி திறக்க மாட்டா'ங்குதுங்க."

"கதவை உடைக்கலாமே?"

"எத்தனையை உடைக்கிறது? ஒரு கதவுக்கு இருபது நிமிஷம் ஆகுது. உடைச்ச இடத்துல மிளகாய்ப்பொடியைக் கரைச்சு மூஞ்சியில ஊத்துதுங்க. நாலு மணிக்கு ஏரியைத் திறந்தே ஆகணும், இல்லன்னா கரை உடையும். திறந்தா அந்தப் பக்கத்துல ரெண்டாவது மாடி மூழ்கும். நீங்க என்னதான் எழுதி வெச்சிருக்கீங்க?"

சிரிப்பு அப்போதே போய்விட்டது. ஆற்றோரம் மேட்டுக்குளம் குடியிருப்பில், ஒன்பதாம் பிளாக்கில், இரண்டாம் மாடியில் என் மகள் நறுமுகை தனியாக இருந்தாள். அதற்கு மேல் மாடி கிடையாது. மொட்டை மாடிக்குப் போக அந்த பிளாக்குகளில் படி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு மழை விடுமுறை. எனக்கு விடுமுறை இல்லை. மழை நாளில்தான் எங்கள் கதைக்கு வாசகர்கள் அதிகம்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் கதைக்கூடு. நகரம் நீரில் மூழ்கிப்போன பிறகு மிச்சமிருக்கும் மாடிகளில் பிள்ளைகள் மட்டும் உயிர் பிழைத்துத் திரியும் 'கடைசி மாடி' தொடர்தான் அதற்குச் சோறு போடுகிறது. நான் எழுதுவது எலும்பு மட்டும். ஆபீஸில் அதற்கு அப்படித்தான் பெயர். வெண்ணி எங்கே போகிறாள், எதைத் தின்கிறாள், யாரை இழக்கிறாள் என்பது எலும்பு. சதையை மெஷின் போட்டுக்கொள்ளும். படிக்கிற பிள்ளையின் கைப்பட்டை நாடித்துடிப்பைச் சொல்லும். துடிப்பு ஏறும் இடத்தில் காட்சி நீளும், இறங்கினால் சுருங்கும். முகவரியும் தெரியும் என்பதால் வெண்ணி ஓடுவது அந்தப் பிள்ளையின் தெருவில், ஏறுவது அந்தப் பிள்ளையின் மாடிப்படியில்.

போன வருடம் ஏரிகளின் நீர்மட்டத்தையும் இதோடு இணைத்தோம். வெளியே மழை என்றால் கதையிலும் மழை. ஏரி நிரம்பினால் கதையில் வெள்ளம், அதுவும் நிஜ வெள்ளத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக. அறிவிப்பு வந்து சேர்வதற்குள் வெண்ணி சொல்லிவிடுவாள். பிள்ளைகள் யாரை நம்புவார்கள்?

ஒருநாள் முகியிடம், அவளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம், எரிச்சலோடு கேட்டேன். "ஏன்டி இந்தக் கண்றாவியை விழுந்து விழுந்து படிக்கிற?"

"நீதானே எழுதுற."

"நான் சோத்துக்கு எழுதுறேன். ஊரே மூழ்குது, பாதிப் பேரு சாவுறாங்க. இதுல உனக்கு என்ன சந்தோஷம்?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சந்தோஷம்லாம் இல்லம்மா. படிச்சா தூக்கமே வராது. ஆனா அதுல யாரும் என்னை ஏமாத்தல. டீச்சர், டிவி, நீ, எல்லாரும் 'ஒண்ணும் ஆகாது, போய்ப் படி'ங்கறீங்க. வருஷா வருஷம் கீழ் வீடுங்களுக்குள்ள தண்ணி வருது, அப்பவும் ஒண்ணும் ஆகாதுங்கறீங்க. வெண்ணி கதை மட்டும்தான் ஆகும்னு சொல்லுது. ஆனா என்ன செய்யலாம்னும் சொல்லுது. அதான் பிடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுடி, பயப்படாதே" என்று தினமும் சொன்னேன். பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் எழுதியதுதான் நாற்பத்தோராவது அத்தியாயம். வெள்ளத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் படகில் வருகிறார்கள். தெரிந்தவர்களின் குரலில், அம்மாவின் குரலில்கூட, கூப்பிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? வெண்ணி விதி சொல்கிறாள்: "யார் உன்னிடம் பயப்படாதே என்கிறாரோ, ஒன்றும் ஆகாது என்கிறாரோ, அவர் பொய்யர். கதவைத் திறக்காதே." அன்றைக்கு நாடித்துடிப்பு வரைபடம் திரைக்கு மேலே போனது. எங்கள் தலைமை ஆசிரியர் பத்ரி சார் எல்லோருக்கும் பாதுஷா வாங்கித் தந்தார்.

இப்போது ஆற்றோரம் முழுக்கப் படகுகள் ஒலிபெருக்கியில் என்ன சொல்லிக்கொண்டு போகின்றன என்று கட்டுப்பாட்டு அறைப் பெண்ணிடம் கேட்டேன்.

"வழக்கமா சொல்றதுதான் மேடம். 'பொதுமக்கள் யாரும் பயப்பட வேண்டாம்'னு."

அவள் பேசி முடிக்குமுன் போனை வைத்தேன்.

முகிக்குப் போன் போட்டேன். ஐந்தாவது தடவை எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"முகி, அம்மாடி! படகு வந்திருக்கா? கதவைத் திறந்துட்டு உடனே ஏறிடு. ஒண்ணும் ஆகாதுடி, பயப்படா..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. நாக்குக்குப் பழகிப்போன வார்த்தை. என் அம்மா என்னிடம் சொன்னது, அவள் அம்மா அவளிடம் சொல்லியிருப்பாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தபோது போன் அணைந்து கிடந்தது.

பத்ரி சாரிடம் ஓடினேன். "சார், இப்பவே ஒரு அத்தியாயம் போடணும். வெண்ணி கதவைத் திறக்கணும்."

"இங்க பாருங்க கொடி, நாற்பத்தொரு அத்தியாயமா கட்டின உலகம் இது. அந்த விதியை உடைச்சா ஒருத்தனும் அப்புறம் நம்ப மாட்டான்."

"சார், என் பொண்ணு அங்க இருக்கா."

அவர் மெஷினைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நல்ல மனிதர்தான், வரைபடத்தைப் பார்க்காத நேரத்தில்.

பத்து நிமிடத்தில் எலும்பு எழுதினேன். உண்மையான மீட்புப் படகு வருகிறது, அதிகாரி அடையாள அட்டை காட்டுகிறார், வெண்ணி கதவைத் திறக்கிறாள். ஆற்றோர வாசகர்கள் பதினோராயிரம் பேர். முதலில் நூறு பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தோம். துடிப்பு தரையோடு தரையாகப் படுத்தது. நம்பவில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் பதில் எழுதினார்கள். 'இது வெண்ணி இல்ல.' 'வெண்ணியை யாரோ புடிச்சு வெச்சு எழுத வைக்கிறாங்க.' 'முட்டு இன்னும் பலமா குடுங்க.'

மணி ஒன்றரை. அத்தியாயம் தோற்றதைப் பற்றி நினைக்க நேரமில்லை. அந்தப் பதினோராயிரம் பேரையும் அப்போது நான் மறந்தே போனேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "சார், வண்டியை எடுங்க" என்றேன். பரங்கிமலையில் இருந்த ஆபீஸிலிருந்து ஆற்றுப் பாலம் வரை பத்ரி சார் என்னைக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்பால் ரோடு தண்ணீருக்கடியில் இருந்தது.

கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகுகள் பாலத்தடியில் நின்றன. மரியதாஸ் என்ற மீனவர் என்னை ஏற்றிக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும், முகத்தில் சிவப்பாக வீக்கம்.

"இன்னாக்கா, உன் புள்ளயும் உள்ளயா? நடுவுல குந்து, ஓரத்துல சாயாத. காலைலேர்ந்து பதினஞ்சு வூட்டுக் கதவைத் தட்டிட்டேன்கா. ஒரு பொண்ணு ஜன்னலாண்ட நின்னு மொளகாத் தண்ணி ஊத்துது. வெள்ளத்துல எத்தினி பேரத் தூக்கிருக்கேன், இப்புடிப் பாத்ததே இல்ல. எவனோ கதை எழுதி வுட்டுக்கிறானாம்."

"நான்தாண்ணே அது."

அவர் துடுப்பை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குடியிருப்புக்குள் தண்ணீர் முதல் மாடியைத் தொட்டிருந்தது. எந்த ஜன்னலிலும் தலை தெரியவில்லை. இருபது பிளாக்குகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. வெண்ணி அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மரியதாஸ் படகைப் படிக்கட்டின் கைப்பிடியில் கட்டினார். நான் மேலே ஏறி என் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"முகி! அம்மா வந்திருக்கேன்!"

நெடுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "எங்கம்மா ஆபீஸ்ல இருக்காங்க."

"நாந்தாண்டி. இப்பதானே போன்ல பேசினேன்."

"அது எங்கம்மா இல்ல. 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுச்சு."

முழங்காலில் உள்ள தழும்பைச் சொன்னேன். அவள் பிறந்த நேரத்தைச் சொன்னேன். அப்பா அவளுக்கு வைத்த செல்லப் பெயரைச் சொன்னேன்.

"அதெல்லாம் கதைக்கே தெரியும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "போயிடுங்க. என்கிட்ட கத்தி இருக்கு."

ஏழு வருடமாக எங்கள் மெஷினுக்கு நாங்கள் எல்லாவற்றையும் ஊட்டியிருந்தோம். அவள் சொன்னது சரிதான், நான் அவள் அம்மா என்பதற்கு என்னிடம் மிச்சம் ஒரு அத்தாட்சியும் இல்லை. கீழே தண்ணீர் இன்னொரு படியை விழுங்கியது. மரியதாஸ், "அக்கா, மணி ரெண்டரை" என்றார். நான் கதவின் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு வந்த பேச்சை நான் யோசித்துப் பேசவில்லை.

"எனக்கு பயமா இருக்குடி முகி. ரொம்ப பயமா இருக்கு. தண்ணி ஏறுது, கால் ஆடுது, எந்திரிக்க முடியல. நீ செத்துப் போயிடுவியோன்னு பயமா இருக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்ல? பொய்டி. ரெண்டாம் நாளே டாக்டர் சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்ல பயந்துகிட்டு தினமும் பொய் சொன்னேன். நீ அவருகிட்ட சரியா பேசக்கூட இல்ல. எல்லாம் என்னாலதான். இப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல எனக்குத் தெரியல. ஆகலாம். திறந்தாலும் ஆகலாம்."

உள்ளே தரையில் எதையோ இழுக்கும் ஓசை கேட்டது. பீரோவாக இருக்கும். கட்டில். அரிசி டிரம். தாழ்ப்பாள் விலகியது. என் மகள் கையில் கத்தியோடு நின்று, முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியைப் போட்டுவிட்டு என் மேல் விழுந்தாள்.

"நீதான்" என்றாள். "நீதான், நீதான்."

அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்தபடி, பத்ரி சாருக்குப் போன் செய்து எலும்பைச் சொன்னேன். அதிகாரி வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம். கதவுக்கு வெளியே யாரோ ஒருவர் உட்கார்ந்து, தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறார். வெண்ணி கேட்கிறாள். பொய்யர்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிகிறது. திறக்கிறாள்.

"படகுல இருக்கிறவங்களுக்கும் சொல்லுங்க சார். யாரும் பயப்பட வேண்டாம்னு கத்தக் கூடாது. அவங்க பயத்தை உள்ளபடி சொல்லச் சொல்லுங்க."

மரியதாஸ் முதலில் கூச்சப்பட்டார். பிறகு எதிர் வீட்டு வாசலில் நின்று, "பாப்பா, எனக்கும் பயமாத்தான் இருக்குது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அதுங்க மூஞ்சியைத் திரும்பப் பாப்பனான்னு தெரியல" என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அந்தக் கதவு திறந்தது. அடுத்த பிளாக்கில் ஒன்று, அதற்கடுத்து இரண்டு. அப்புறம் குடியிருப்பு முழுக்க மேஜையும் கட்டிலும் நகரும் ஓசை இடி மாதிரி கேட்டது. படிகளில் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள்.

நான்கு மணிக்கு ஏரியைத் திறந்தார்கள். ஆறாம் பிளாக்கில் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே இருந்தவள் பெயர் எப்சிபா, வயது பதினான்கு. போனில் சார்ஜ் இல்லாததால் கடைசி அத்தியாயம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீர் கூரையைத் தொடும்வரை, வெண்ணி திறக்க மாட்டாள் என்று நம்பியபடியே அவள் இருந்திருப்பாள். அவள் அம்மாவை நிவாரண முகாமில் பார்த்தேன், கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். சுவரில் என் தலைக்கு மேலே சேற்றுக் கோடு. நான் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தேன். பத்ரி சார் போன் செய்தார், குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"கொடி, அந்த அத்தியாயத்தோட வரைபடம் பாத்தீங்களா? துடிப்பு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, ஒரே சீரா நின்னுச்சு. நம்பிக்கை வந்தா அப்படித்தான் இருக்கும்போல. பத்தொன்பது நிமிஷத்துல பதினோராயிரம் கதவு!"

"பதினோராயிரத்துல ஒண்ணு குறைச்சல், சார்."

"அது சரி. நதிக்கரை மேம்பாட்டுக் குழுமத்துல இருந்து ஆளுங்க வந்தாங்க. இன்னும் ஒரே ஒரு எலும்பு வேணுமாம்."

எனக்குச் சொல்லாமலே புரிந்தது. கட்டடங்கள் பலவீனம் என்று சொல்லி எங்களையெல்லாம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் ஆள் இருக்கும்வரை சீல் வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே கதவைத் திறந்து வெளியே வந்தால், விருப்பப்பட்டுப் போனதாக அர்த்தம். பகலில் பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி இன்னும் திறக்கவில்லை, வீட்டுக்குள் இருப்பது பிள்ளைகள்தான்.

"நான் எழுத மாட்டேன் சார். உயிர் போனாலும் மாட்டேன்."

"தெரியும். நானும் உங்களைக் கட்டாயப்படுத்தல." கொஞ்சம் தயங்கினார். "ஏழு வருஷ எலும்பு மெஷின்கிட்ட இருக்கு, கொடி. அதுவே எழுதிக்கும். உங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு முகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். கதை வேண்டாம், கைப்பட்டையைக் கழற்று என்றேன். "வெண்ணிதானேம்மா என்னைக் காப்பாத்துனா" என்றாள். "மெஷின் எழுதினா எனக்குத் தெரியாதா என்ன?"

அதற்கு நான்காம் நாள், காலை பத்தரை மணி. நான் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முகி கட்டிலில் படுத்து வெண்ணியின் புது அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே வாகனங்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. படிகளில் பல செருப்புகள் ஏறின. ஒவ்வொரு மாடியிலும் நின்றன.

எங்கள் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அதிகாரத் தட்டல் இல்லை, ரொம்பத் தயக்கமான தட்டல்.

"பாப்பா" என்றது ஓர் ஆணின் குரல். களைத்த குரல். அவர் வாசலில் உட்கார்ந்ததும், முதுகு கதவில் சாய்ந்ததும் கேட்டது. "பாப்பா, எனக்கு பயமா இருக்கும்மா. இந்த வேலையை முடிக்கலன்னா என்ன ஆகும்னு தெரியல. வீட்டுல எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

குரல் உடைந்தது. சரியான இடத்தில் உடைந்தது. எதிர் வீட்டில் தாழ்ப்பாள் விலகும் ஓசை வந்தது, கீழ் மாடியில் இன்னொன்று.

முகி எழுந்து கதவருகே போய்விட்டாள். நான் புளிக் கையோடு ஓடி வந்தேன். அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"அவரு பொய் சொல்லலம்மா" என்று கிசுகிசுத்தாள். "நிஜமாவே பயப்படுறாரு."

உண்மைதான், அவர் நிஜமாகவே பயந்திருக்கக்கூடும். என்னிடம் இருந்த ஒரே உண்மையை எடுத்தேன்.

"முகி, எனக்கு பயமா இருக்குடி. திறக்காதே."

"எனக்கு பயமா இருக்கும்மா" என்றார் வெளியே இருந்தவர். "திற."

என் மகள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். பிறகு மறுபடி என் முகத்தைப் பார்த்தாள், முதல் தடவையாகப் பார்ப்பவள் போல.